ரூபாலியை நான் வீட்டில் வைத்துக்கொண்ட கதை

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குடும்ப மருத்துவப் படிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளராம். இந்த வருடம் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்களுக்காக ஒரு சின்ன மலர் போடுகிறார்களாம், அதற்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். எதைப் பற்றி என்று கேட்டேன். "அந்த அசாம் பொண்ண உங்க வீட்லயே வெச்சுப் பாத்துக்கிட்டீங்களே மேடம், அத எழுதுங்க. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அந்தக் கதையத்தான் சொல்றோம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம், நேற்று வந்தவள். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பணி ஓய்வு விழாவிலும் இதே கதையைத்தான் மைக்கில் சொன்னார்கள். நான் மேடையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு எவ்வளவு அடக்கம் என்று இன்னும் கொஞ்ச நேரம் கை தட்டினார்கள். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் மண்ணூரில் பிறந்தவள். விவசாயக் குடும்பம். டாக்டருக்குப் படித்ததையும், அரசு சுகாதார நிலையங்களில் சில வருடம் ஓடியதையும் இங்கே விரித்து எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருக்கும் இந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான். நான் சேர்ந்தபோது பாம்புக்கடியும் பிரசவமும் வந்தன. கம்பெனிகள் வந்த பிறகு விரல் நசுங்கியது, கண்ணில் பொறி பட்டது, நைட் ஷிஃப்டில் மயங்கி விழுந்தது என்று வர ஆரம்பித்தன. வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் அறக்கட்டளைக்கு வடகிழக்கில், பூட்டான் எல்லை ஓரத்திலும் வேறு சில மலைப் பகுதிகளிலும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே டாக்டர்கள் நிற்பதில்லை. போகிறவர்கள் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். அதனால் ஒரு யோசனை செய்தார்கள். இளம் டாக்டர்களை எடுத்து, குடும்ப மருத்துவத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து, பிறகு அங்கே அனுப்புவது. பிரசவம், எலும்பு முறிவு, குழந்தைக் காய்ச்சல், மனக்கோளாறு என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நான் பயிற்சியாளர். தலைவராக வந்தவர் சாமுவேல் சார். எல்லை மலைகளில் தன் வாலிபம் முழுவதையும் கழித்துவிட்டு, முட்டி தேய்ந்த பிறகு இங்கே வந்தவர்.

எல்லைக்குப் போகிறவர்களுக்கு ஒரகடத்தில் என்ன பயிற்சி என்று நானே அவரைக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர் ஜனமெல்லாம் இப்போது இங்கேதானே மூன்று ஷிஃப்டில் வேலை பார்க்கிறது, இங்கே அவர்களைப் பார்க்கத் தெரியாதவன் அங்கே போய் என்ன கிழிப்பான் என்றார். அவர் பேசியதிலேயே அதிகபட்சக் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சார் முதல் வகுப்பில் ஒரு சம்பவம் சொல்வார். எல்லையில் ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து சொல்ல, ஜீப்பை எடுத்துக்கொண்டு அலறியடித்துப் போயிருக்கிறார். ஊருக்குள் நுழைந்தால் கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஜீப் என்றால் பட்டாளம், போலீஸ், இல்லாவிட்டால் குடியுரிமைப் பேப்பரைக் காட்டு என்கிற ஆட்கள். சத்தம் கேட்டதுமே வலியோடு இருந்த அந்தப் பெண்ணையும் தூக்கிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் போய்விட்டார்கள். இவர் யாருக்காகப் போனாரோ அவளே இவருக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். குழந்தை காட்டிலேயே பிறந்தது, தங்கவில்லை.

அந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் எங்கள் வீட்டுப் பார்வை முறை முழுவதும் வந்தது. நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பத்திரி வண்டி மெயின் ரோட்டு டீக்கடையிலேயே நின்றுவிட வேண்டும். வெள்ளைக் கோட்டு கூடாது. ஸ்டெதாஸ்கோப்பும் பிரஷர் கருவியும் காய்கறி வாங்கும் துணிப்பையில் இருக்கும். இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. நேராக நம் ஆள் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. முதலில் வேறு இரண்டு வீடுகளில் பிரஷர் பார்க்க வேண்டும், மூன்றாவதாக நம் ஆள், அதற்கும் பிறகு இன்னொரு வீடு. யாருக்காக வந்தோம் என்று தெரு கண்டுபிடிக்கக் கூடாது. உள்ளே போனால் அவர்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கே உட்கார வேண்டும். நோயைப் பற்றி வாயைத் திறக்கும் முன் இந்த அறையில் யார் யார் படுக்கிறார்கள், உடம்பு முடியாவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்க முகம் சுளித்த டாக்டர்களை நான் டீக்கடை வரை திட்டிக்கொண்டே கூட்டி வந்திருக்கிறேன். என் வாய் அப்படி.

சார் திட்டவே மாட்டார். அவருக்கு வேறொரு வழி இருந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்பார். ஒரு பையன் வந்து, அந்தப் பேஷண்ட் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார் சார் என்றான். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் வரவில்லை சார் என்றான். இன்னொரு தடவை. நைட் ஷிஃப்ட் முடித்து அவர் தூங்கும் நேரத்தில் நான் வரச் சொன்னேன் சார் என்றான். சார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, மேடம், நீங்கள் திட்டுவதே மேல் என்று என்னிடம் சொன்னான்.

பொன்மதி அந்தப் படிப்புக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். இங்கே சோறும் சரியில்லை தண்ணீரும் சரியில்லை என்று வந்த நாளிலிருந்து புலம்புவாள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். பயிற்சி முடிந்ததும் பூட்டான் எல்லையோர ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். அவளுடைய புறநோயாளிப் பிரிவுக்குத்தான் ரூபாலி வந்தாள்.

ரூபாலிக்கு அதே எல்லைப் பக்கம்தான் ஊர், அசாமில். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் லைன் வேலை. பல வாரமாக இருமலை அடக்கிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் வந்தாள். பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. இது குணமாகிற நோய், மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், நடுவில் விட்டால்தான் ஆபத்து என்று பொன்மதி இந்தியும் தமிழும் கலந்து சொன்னாள். ரூபாலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கம்பெனியில் பொறுக்கிய தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரூம்ல தெரிய வேணாம் மேடம். ஓனருக்குத் தெரிஞ்சா ரூம் போயிடும். ரூம் போனா வேலையும் போயிடும்."

அவள் சொன்னது சரிதான். ரூமைப் பிடித்துக் கொடுப்பதும் கான்ட்ராக்ட்காரன், கம்பெனி பஸ் வந்து நிற்பதும் அந்த ரூம் வாசலில். ஒன்று போனால் இன்னொன்றும் போகும். இரண்டும் போனால் ரயிலேறி ஊருக்குப் போவாள், மருந்து வழியிலேயே நின்றுவிடும். அப்படி நின்று போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வாயிலிருந்து வராது, நீ மருந்தை மட்டும் விடாதே என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

பிறகு விலாசம் கேட்டோம். மண்ணூர், ரேஷன் கடைக்குப் பின்னால் லைன் வீடு, கடைசி ரூம் என்றாள்.

அது என் தம்பி சேகர் கட்டிய லைன் வீடு. நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த மனையில் வரிசையாக ஷீட் போட்ட ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். எங்கள் ஊரில் பல பேர் செய்வதுதான். அவன் ரூம்களுக்குள் நான் போனதில்லை. பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். பொன்மதியோடு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நம் ஊர்தானே, நானே போகிறேன் என்று கிளம்பினேன். ஓனர் என் தம்பி என்று அவளிடம் சொல்லவில்லை. எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முறைப்படிதான் போனோம். டீக்கடையில் வண்டி, கையில் துணிப்பை, முதலில் இரண்டு ரூம்களில் பிரஷர், பிறகு கடைசி ரூம். ரூபாலியோடு அவள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர். சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தும் இருந்தது. ஆனால் சேகர் இடத்தை வீணாக்காமல் பின்னாலேயே இரண்டாவது வரிசையும் கட்டியிருந்தான். பொன்மதி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டாள், உள்ளங்கை அடுத்த வரிசையின் சுவரில் பட்டது. மேலே ஷீட் கொதிக்கிறது, உள்ளே காற்று அசையவில்லை. நாலு பேரும் அதில்தான் படுக்கிறார்கள்.

வெளியே வந்ததும் பொன்மதி கேட்டாள். "ஓனர் யாரு மேடம்? மனுசந்தானா? அவியட்ட போயி பேசுவோம்."

ஊர்க்காரர்கள்தான், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே முகம் எரிந்தது. அந்த ஊரில் டாக்டரம்மா என்று எழுந்து நிற்பார்கள், நான் கூனிக்குறுகி டீக்கடை வரை நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகர் என் வீட்டுக்கு வந்தான், ஒரு பை கத்தரிக்காயோடு. லைன் பக்கம் வந்தியாமே, வூட்டுக்கு வராமலே போயிட்டியே என்று உரிமையாகக் கோபித்துக்கொண்டான். ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தோம் என்று சமாளித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஜன்னல் நெஞ்சில் நின்றது. உப்புமாவைத் தட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டே பிடித்துக்கொண்டேன். ஏண்டா, மனுஷங்க படுக்கிற இடமாடா அது, ஜன்னலுக்கு எதிரே சுவர் எழுப்புவானா ஒருத்தன் என்று. எந்த ரூம் என்று கேட்டான். கடைசி ரூம் என்றேன். எல்லா ரூமும் அப்படித்தானே கீது, அந்த ரூம்ல மட்டும் இன்னா என்றான்.

வருடக்கணக்காக நான் வகுப்பெடுத்தவள். யாராவது ஏன் என்று கேட்டால் என் வாய் தானாகப் பாடம் நடத்தும். காற்று வராத ரூமில் இருமல் எப்படிப் பரவும் என்று சொன்னேன். மேல் பக்கம் இரண்டு ஷீட்டைத் தூக்கி வைத்தால்கூடப் போதும் என்றேன். "மருந்து உள்ள போயி ரெண்டு வாரம் ஆச்சுன்னா ஒட்டாதுடா. அதுவரைக்கும்தான் காத்து ரொம்ப முக்கியம்" என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான், தட்டைக் கழுவி வைத்தான். சரிக்கா, நான் பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஷீட்டைத் தூக்கி வைத்துவிடுவான் என்று எனக்கு ஒரே திருப்தி. நான் என்ன சொன்னேன் என்பது அன்று ராத்திரி படுக்கும் வரைகூட எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்துக் கவுண்ட்டர் முன்னால் பெஞ்சில் ரூபாலி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் சுருட்டிய கம்பளி, பக்கத்தில் ஒரு பை. பொன்மதி அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். கூட இருந்த பெண்கள் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பொன்மதி என்னிடம் ஆத்திரமாகச் சொன்னாள். ரூபாலி தலையை ஆட்டினாள்.

"அவங்க இல்ல. ஓனர் சொன்னாரு, எங்க அக்காதான் டாக்டர், அவங்களே சொல்லிட்டாங்கன்னு."

அக்காவா என்று பொன்மதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்ற நிலையை எழுதத் தெரியவில்லை. என் மாணவி அவள். வீட்டுப் பார்வை முடிந்ததும், நோயாளி சொன்னது நம் வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று போன மாதம்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நேராக மண்ணூருக்குப் போனேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பொன்மதியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். சேகர் லைன் வீட்டு வாசலில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்த எடுப்பில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. நீ சொன்னதைத்தானே செய்தேன், அந்த ரூமில் இருமுவது அவள் ஒருத்திதானே, பரவும் என்று நீதானே சொன்னாய் என்றான். விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற ரூம்காரர்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள், கான்ட்ராக்ட்காரன் வேறு லைனுக்குப் போய்விடுவான், இதை விட்டால் எனக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது என்றான். மருந்து சாப்பிட்டால் ஒட்டாது என்றும் சொன்னேனே, அது உன் காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"ஒட்டாதுன்னா உன் வூட்டு மாடி காலியாத்தானே கீது? நீ வச்சிக்கோயேன்."

நக்கலாகச் சொல்லவில்லை அவன். நிஜமாகவே கேட்டான். பொன்மதியும் என் முகத்தையே பார்த்தாள். கணவர் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். மாடியில் கட்டில், மின்விசிறி, இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல், எல்லாம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்துதான் போகிறது, மகள் லீவுக்குக் குழந்தையைக் கூட்டி வருவாள், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம்.

"அது வேறடா" என்றேன்.

இன்னாக்கா வேற என்று கேட்டுவிட்டு அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

சாமுவேல் சாரிடம் போய்ச் சொன்னேன். பேஷண்ட்டை வீட்டு ஓனர் ரூமைக் காலி செய்ய வைத்துவிட்டார் சார், சோஷியல் ஒர்க்கரிடம் சொல்லி வேறு ரூம் பார்க்கச் சொல்லலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

அவர் அதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓனர் என் தம்பி சார் என்றேன். இன்னொரு தடவை என்றார். அவனிடம் சொன்னது நான்தான் சார் என்றேன். அவர் மறுபடி கேட்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது சார் என்று நானே சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையபடி பைலைப் பார்க்க ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்தால், பொன்மதி ஹாஸ்டல் வார்டனிடம், என் அறையில் என் கட்டிலில் அவள் படுத்துக்கொள்ளட்டும், நான் தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வார்டன் முடியாது என்கிறாள்.

அதற்கு மேல் எனக்கு வழியில்லை. அன்று சாயங்காலம் ரூபாலியை, வாளி கம்பளியோடு, ஆட்டோவில் என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மறுநாளே ஆபீசில் பேச்சு கிளம்பிவிட்டது. மேடம் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களாம், யாருக்கு வரும் அந்த மனசு என்று. இல்லை என்று ஒருவரிடமாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சேகரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்ட்காரனிடம் அவன் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தப் பொண்ணு எங்க அக்கா வூட்டுக்கு மாறிடுச்சு, கொஞ்ச நாள் லீவு வேணுமாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதனால் அவள் வேலை தப்பியது. சில வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். என் வீட்டிலிருந்து பென்னலூர் ஸ்டாப் வரை நடந்து போய் கம்பெனி பஸ் பிடிப்பாள்.

கதையில் யாரும் சொல்லாத இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். முதல் நாள் அந்த ஆட்டோவை நான் வழியில் ஒரு பாத்திரக் கடையில் நிறுத்தச் சொன்னேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் வாங்கினேன். வீட்டுக்கு வருகிற பெண்ணுக்குப் புதுசாகக் கொடுப்போம், அதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காசநோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் பரவாது, பாத்திரத்தைப் பிரித்து வைத்து ஆளைக் கொல்லாதீர்கள் என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறேன். என் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அதை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவ்வளவும் தெரிந்துதான் கடையில் இறங்கினேன்.

ரூபாலியிடம் இது உன் தட்டு என்று நான் சொன்னதே இல்லை. முதல் வேளை அதில் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் சாப்பிட்டுக் கழுவி, என் பாத்திரங்களோடு அடுக்காமல், தொட்டிக்கு மேலே ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வேளை அங்கிருந்தே எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரம் போனது. இரண்டு மாதமும் போனது. மறுபடி சளி பரிசோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. அன்று கேசரி செய்து கொடுத்தேன், அதே தட்டில். தட்டு ஜன்னல் விளிம்பிலேயேதான் இருந்தது. அதை எடுத்து என் தட்டுகளோடு வைக்க எத்தனை நேரம் ஆகும்? தினமும் பார்த்தேன், தினமும் விட்டேன். அவள் சாப்பாட்டை மாடிக்கு எடுத்துப் போய்விடுவாள். இங்கேயே உட்கார்ந்து சாப்பிடேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். பரவாயில்ல மேடம் என்றாள். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

மகள் குழந்தையோடு வந்த வாரத்தில், மாடிக்குப் போகாதே, அக்கா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறாள் என்று பேத்தியிடம் சொன்னேன். அந்த வாரம் ரூபாலிக்குப் பகல் ஷிஃப்ட். அன்று அவளுக்கு லீவு வேறு. படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கியவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி மேலே போனாள். மகள் ஊருக்குப் போகும் வரை வீட்டில் ஆள் இருப்பதே தெரியவில்லை.

பொன்மதி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மாடியில் ரூபாலியோடு உட்கார்ந்து அவள் பாஷையைக் கற்றுக்கொள்வாள். எல்லைக்குப் போனால் உதவுமே என்று. ஒரு நாள் பசிக்கிறது மேடம் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள். அலமாரி நிறையத் தட்டு இருக்கிறது. அவள் கையை நீட்டி ஜன்னல் விளிம்பிலிருந்த தட்டை எடுத்தாள், சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். தெரிந்து எடுத்தாளா தெரியாமல் எடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

ரூபாலியின் மருந்து முடிய இன்னும் சில வாரம் இருந்தபோதே பொன்மதி எல்லைக்குக் கிளம்பினாள். சென்ட்ரலுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல மேடம். அங்கன எனக்குச் சொந்தக்காரங்க யாரும் கெடையாது. அது நல்லதுதான்" என்றாள், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்து வைத்தேன். அங்கே அவள் இன்னும் இருக்கிறாள், மழைக்காலத்தைக் கண்டு ஓடி வரவில்லை. என்னிடம் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் அவள் எதை என்னிடம் படித்தாள் என்று யோசித்தால் சொல்லத் தோன்றுவதில்லை.

ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் ரூபாலி மருந்து சாப்பிட்டாள். கடைசிப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அம்மாவைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று, ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். நான் அவளுக்கு ஒரு புடவை வாங்கி வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாடியைப் பெருக்கித் துடைத்துவிட்டு, பையையும் வாளியையும் கீழே கொண்டு வந்து வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பிலிருந்த தட்டையும் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, தன் துப்பட்டாவால் ஈரம் போகத் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் எதுக்கும்மா சுமந்துகிட்டுப் போற, இங்கயே இருக்கட்டுமே என்றேன்.

"வேணாம் மேடம். நான் போனப்பறம் நீங்க இத தூக்கிதான் போடணும்" என்றாள். "புதுசு மேடம். வீணா போயிடும்."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு நல்ல பாத்திரம் குப்பைக்குப் போகக் கூடாதே என்றுதான் சொன்னாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்படியெல்லாம் இல்லை, தூக்கிப் போட மாட்டேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் குனிந்து அவள் வாளியை எடுத்துக் கொடுத்தேன்.